இரண்டாம் சிலிண்டரில் மட்டும் திரும்பத் திரும்ப மிஸ்ஃபயர்: மூன்று காயில் மாற்றியும் தீரவில்லை

ஈசூன் குறிப்பேடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதமாக மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றி எரியாத கோளாறு, என்னை விடாமல் துரத்துகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

என் கார் 2014-இல் பதிவானது. ஜப்பானியத் தயாரிப்பு, 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர். தீப்பொறி கொடுக்கும் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும், அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் வகை. 2024-இல், சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை ஐந்தாண்டுக்கு நீட்டித்தேன். ஐந்தாண்டு நீட்டிப்பு முடிந்தால் மறுபடி நீட்டிக்க முடியாது. ஆகவே 2029 வரை இந்த வண்டியை நல்லபடியாக ஓட்டி முடிக்க வேண்டும் என்பதே என் கணக்கு.

காரை நான் வைத்திருப்பதற்கு முதல் காரணம் அப்பா. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவரைத் தோ பாயோவில் உள்ள ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துப் போகிறேன். நான்கு மணி நேரச் சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது அவருக்குக் கால் தள்ளாடும். ஒருமுறை திரும்பும் வழியில் வண்டி குலுங்க ஆரம்பித்ததும் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாகப் போ, எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை" என்றார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது.

கோளாறு இப்படித்தான் வருகிறது. காலையில் வண்டி தட்டினால் உடனே கிளம்பும். வீட்டிலிருந்து லென்டோர் அவென்யூ வரை ஒரு தொல்லையும் இல்லை. விரைவுச்சாலையில் நுழைய ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் இரண்டு மூன்று முறை தடுமாறும், இன்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னும். மத்திய விரைவுச்சாலையில் சீராக ஓடும்போது சரியாகிவிடும். தோ பாயோவில் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் ஐந்தாம் தளத்துக்கு ஏறும்போது மறுபடியும் அதே குலுக்கல். நிறுத்தி வைத்தால் இன்ஜின் அமைதியாக ஓடும். டேஷ்போர்டில் வைத்த தண்ணீர் பாட்டில்கூட அசையாது.

நான் கிடங்கு மேற்பார்வையாளர் வேலையில் இருப்பவன். எதையும் எழுதி வைப்பது என் வழக்கம். கடந்த ஐந்து வாரத்தில் இருபத்து மூன்று முறை குலுங்கியதைக் குறித்திருக்கிறேன். அதில் பத்தொன்பது முறை ஏற்றத்திலோ, வேகம் எடுக்கும்போதோ நடந்திருக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதுவரை செய்த வேலைகள்: 161,400 கிலோமீட்டரில் முதல் முறை விளக்கு எரிந்தது. பட்டறையில் பி 0302 என்று குறியீடு வந்தது; இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று பொருள். இரண்டாம் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தார்கள். கோளாறும் கூடவே மூன்றாம் சிலிண்டருக்குப் போனது. ஆகவே காயில் கெட்டது என்று புதியது போட்டார்கள். 164,900-இல் மறுபடி அதே குறியீடு. மீண்டும் ஒரு காயில், கூடவே நான்கு இரிடியம் பிளக்குகள். 166,600-இல் மூன்றாவது காயில். இப்போது 167,400, நேற்று மறுபடி விளக்கு மின்னியது. மூன்று முறைக்கும் சேர்த்து அறுநூறு வெள்ளிக்கு மேல் போய்விட்டது.

இனி இன்ஜினின் கணினியை மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். பழையது கிடைத்தால் தொள்ளாயிரம் வெள்ளி, புதியது அதைப்போல் இரு மடங்குக்கு மேல். நான்கு ஆண்டுகூட மீதம் இல்லாத வண்டிக்கு இவ்வளவு செலவு செய்வதா என்று தயங்குகிறேன். செய்தால் தீரும் என்ற உறுதி இருந்தாலாவது செய்வேன்.

ஒரு தகவல். இரண்டாம் முறை காயிலைக் கழற்றியபோது அந்த இளைஞர், "பிளக் இருக்கும் குழியில் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது, துடைத்துவிட்டேன்" என்றார். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?


நான்காம் கியர் எழுதியது:

பெட்ரோலை மாற்றிப் பாருங்கள். 95 ஆக்டேன் போடுகிறீர்கள் என்றால் 98 போட்டு இரண்டு தொட்டி ஓட்டுங்கள். என் வண்டியில் ஏற்றத்தில் வந்த இரைச்சல் அதில் நின்றது. பேட்டரி, சார்ஜ் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.


பொங்கோல் ஓட்டுநர் எழுதியது:

உங்கள் பதிவைப் படித்ததும் என் அனுபவம் நினைவுக்கு வந்தது. ஆனால் என்னுடையது வேறு வகை. பிறகு யாராவது இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

என் காரில் குலுக்கல் எதுவும் கிடையாது. சூடான பிறகு இன்ஜின் ஒரேயடியாக நின்றுவிடும். ஒருமுறை காலாங்–பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கத்துக்குள்ளேயே நின்றது. ஒன்பது கிலோமீட்டர் சுரங்கத்தின் நடுவில், இரு புறமும் வாகனங்கள் பறக்க, பின்னால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் வந்து, கட்டணம் ஏதும் வாங்காமல், வெளியே உள்ள ஒரு கார் நிறுத்துமிடத்தில் இழுத்துக்கொண்டு போய் விட்டது. அரை மணி நேரம் ஆறியதும் வண்டி தானாகக் கிளம்பியது. பட்டறைக்குப் போனால் எந்தக் கோளாறும் காட்டாது.

கடைசியில் காரணம் கிரான்க்ஷாஃப்ட் சென்சார். இன்ஜினின் சுழற்சியை எண்ணிக் கணினிக்குச் சொல்லும் சிறிய உறுப்பு அது. சூட்டில் அதன் உள்ளே இணைப்பு விட்டுப்போனால், எப்போது தீப்பொறி கொடுப்பது என்று கணினிக்குத் தெரியாது. நான்கு சிலிண்டரும் சேர்ந்து நிற்கும். எனக்குத் துப்பு கொடுத்தது சுழற்சிமானியின் முள். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும்போது அந்த முள் சற்றாவது எழும்ப வேண்டும். என் காரில் அது பூஜ்யத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

உங்களுக்கு ஒரே ஒரு சிலிண்டர், அதுவும் பாரம் ஏறும்போது மட்டும். அது சென்சார் அல்ல என்றே நினைக்கிறேன். அந்த எண்ணெய் விஷயத்தை விடாதீர்கள். அப்பா நலமாக இருக்க வேண்டுகிறேன்.


பழைய பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, உங்கள் குறிப்பேடு இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுத எனக்கே துணிவு வந்திருக்காது. விடையில் பாதியை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

1979-இல் காலாங் பக்கம் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முப்பத்தெட்டு ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தேன். அந்தக் காலத்தில் வண்டிக்கு ஒரே காயில், மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் ஒரு டிஸ்டிரிபியூட்டர், அதிலிருந்து நான்கு பிளக் கம்பிகள். கம்பி பழசாகி மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க, என் முதலாளி பட்டறை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு பானெட்டைத் திறக்கச் சொல்வார். இருட்டில் கம்பியைச் சுற்றி நீல நிறத்தில் மினுக் மினுக் என்று தெரியும். கசிவைக் கண்ணால் பார்க்கலாம். இப்போது காயில் குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. கசிவு அதே கசிவுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது.

முதலில் உங்கள் கிலோமீட்டர் கணக்கைப் பாருங்கள். முதல் காயில் 3,500 கிலோமீட்டர் தாங்கியது. இரண்டாவது 1,700. மூன்றாவது 800. ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. கணினி கெட்டிருந்தால் இப்படி ஒழுங்காகக் குறைந்துகொண்டு வராது. ஒரு நாள் வரும், ஒரு மாதம் வராது. வளர்ந்துகொண்டே போகும் ஏதோ ஒன்று உங்கள் காயில்களைக் கொல்கிறது. அது குழியில் இறங்கும் எண்ணெய் என்பது என் கணிப்பு.

எப்படி என்று சொல்கிறேன். காயில் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அந்த மின்சாரம் பிளக்கின் நுனியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட வேண்டும். காயிலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ரப்பர் உறைதான் அந்த மின்சாரம் பக்கவாட்டில் குழியின் உலோகச் சுவருக்கு ஓடாமல் தடுக்கிறது. சிலிக்கான் ரப்பர் சூட்டைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. எண்ணெயில் ஊறினால் உப்பி, மிருதுவாகி, கொழகொழவென்று ஆகிவிடும். அப்புறம் அது மின்சாரத்தைப் பிடித்து வைக்காது.

இப்போது ஏன் ஏற்றத்தில் மட்டும் வருகிறது? ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நிறைய நுழைகின்றன, அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடிய இடத்தில் தீப்பொறி தாண்டுவதற்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும். நுனியில் தாண்டுவது கடினமானால் மின்சாரம் எளிய வழியைத் தேடும். ஊறிப்போன ரப்பர்தான் அந்த எளிய வழி. வண்டி நிற்கும்போது அழுத்தம் குறைவு, ஆகவே தீப்பொறி ஒழுங்காகத் தன் இடத்திலேயே விழும். பட்டறையில் நிறுத்தி வைத்துச் சோதித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாததற்கு இதுவே காரணம். நிறுத்துமிடத்தில் இன்ஜினை ஓடவிட்டு நீங்களும் காத்திருக்க வேண்டாம். நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம். அதோடு இந்தக் கோளாறு அப்படி வெளியே வராது.

காயிலை மாற்றிப் போட்டுப் பார்த்த சோதனையில் தவறு இல்லை. நானும் அதைத்தான் முதலில் செய்திருப்பேன். ஆனால் எந்தக் காயில் கெட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். ஏன் கெட்டது என்று சொல்லாது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? மூன்று அம்புகளை மாற்றிவிட்டார்கள், எய்தவனை யாரும் தேடவில்லை.

பட்டறைக்குப் போனால் இதையெல்லாம் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். குறியீட்டை அழிப்பதற்கு முன், கோளாறு நடந்த நொடியில் கணினி பதிவு செய்து வைத்த விவரங்களை எடுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் சூடு, சுழற்சி, பாரம், வேகம் எல்லாம் அதில் இருக்கும். பல இடங்களில் அவசரத்தில் முதலில் அழித்துவிடுகிறார்கள். அத்தோடு சாட்சியும் போய்விடுகிறது. பிறகு நான்கு காயில்களையும் வெளியே எடுத்து வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவதின் ரப்பரை விரலால் அழுத்தி, மற்ற மூன்றோடு ஒப்பிடுங்கள். டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் அதை உறிஞ்சி எடுக்காமல் பிளக்கைக் கழற்ற விடாதீர்கள். கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். பிளக்கை எடுத்ததும் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். பென்சிலால் கிழித்ததுபோல் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், மின்சாரம் நுனிக்குப் போகாமல் அந்த வழியில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோடு விழுந்த பிளக்கைத் துடைத்துப் போட்டால் போதாது. புதிய காயிலும் அதே கோட்டின் வழியாகவே கசியும்.

எண்ணெய் மேலே வால்வு கவரிலிருந்து, அதாவது இன்ஜினின் மேல் மூடியிலிருந்து வருகிறது. குழியைச் சுற்றி வட்டமாக ஒரு ஆயில் சீல், எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம், இருக்கும். பத்து ஆண்டுச் சூட்டில் அது பிளாஸ்டிக் போல இறுகிவிடும். சில இன்ஜின்களில் அந்தச் சீலை மட்டும் தனியாக மாற்றலாம். சிலவற்றில் கவரோடு ஒன்றாக வார்த்திருப்பார்கள், கவரையே மாற்ற வேண்டிவரும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சீலை மாற்றியதோடு நிற்காதீர்கள், தம்பி. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுக்க ஒரு சிறிய வால்வு உண்டு. பட்டறையில் பிசிவி வால்வு என்பார்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெயைக் கிடைத்த சந்தில் எல்லாம் தள்ளும். புதிய சீலும் சில ஆண்டில் கசியும். வால்வைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இது முப்பது, நாற்பது வெள்ளிச் சாமான்.

98 பெட்ரோல் சொன்ன நண்பருக்கு: உங்கள் வண்டியில் நின்றது இன்ஜின் தட்டும் சத்தமாக இருக்கும். ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பதைத் தடுக்கும், அவ்வளவுதான். பேட்டரியிலோ சார்ஜிலோ கோளாறு என்றால் நான்கு சிலிண்டரும் சேர்ந்து தடுமாறும். இரண்டாவதை மட்டும் தேடிப் பிடிக்காது.

கடைசியாக ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். அந்த விளக்கு நிலையாக எரிந்தால் பட்டறைக்கு நேரம் பார்த்துப் போகலாம். மின்னினால் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து உடனே எடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். பத்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. புகை அளவில் தோற்றால் நீங்கள் சொல்லும் அந்தத் தொள்ளாயிரம் வெள்ளியும் போதாது.


ஈசூன் குறிப்பேடு எழுதியது:

ஐயா, இதைப் படித்துவிட்டு இரவு பத்து மணிக்குப் பழைய ரசீதுகளைத் தேடினேன். ஒன்று கிடைத்தது. 140,000 கிலோமீட்டரில் வால்வு கவர் கேஸ்கெட்டை, அதாவது மூடியின் ஓரத்தில் கசிவைத் தடுக்கும் ரப்பரை, மாற்றியிருக்கிறேன். அப்படியானால் குழியின் சீலையும் அப்போதே மாற்றியிருப்பார்கள் அல்லவா? இன்னும் ஒரு சந்தேகம்: நான்கு குழிகள் இருக்க, இரண்டாவதில் மட்டும் ஏன்?

இரண்டு நாளாக ஏற்றத்தில் மெதுவாகவே போகிறேன். அப்பாவை அழைத்துப் போக சனிக்கிழமை மட்டும் தங்கையின் காரைக் கேட்டிருக்கிறேன்.


பழைய பட்டறைக்காரர் எழுதியது:

ரசீதில் சீல் என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுற்றுக் கேஸ்கெட் ஒரு சாமான், குழிச் சீல்கள் நான்கும் வேறு சாமான். கவரைத் திறந்து மூடும்போது இறுகிப்போன சீல் குழியின் விளிம்பில் மடங்கிவிட்டால் அந்த இடத்தில் விரிசல் விடும். நான்கில் எது மடங்கியது என்பது அன்றைய கைவாகு.

வேலை செய்பவரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். கவரின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அளந்து முறுக்குகிறாரா? அவை சிறிய போல்ட்டுகள், பத்து நியூட்டன் மீட்டர் அளவில்தான் தாங்கும். கசியக்கூடாது என்று பலமாக முறுக்கினால் கவர் வளையும், அங்கிருந்தே கசிவு தொடங்கும். இரண்டாவது, டைமிங் செயின் மூடி சேரும் மூலைகளில் சீலண்ட் என்னும் கசிவடைக்கும் பசையை வைக்கிறாரா? அந்த இரண்டு துளி இல்லாவிட்டால் மூலையில் கசியும்.


ஈசூன் குறிப்பேடு எழுதியது:

நேற்று வேலை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பழைய பட்டறைக்குப் போகவில்லை. சின் மிங்கில் ஒரு சிறிய பட்டறை; சீனர் ஒருவரும் அவர் மகனும் நடத்துகிறார்கள். நீங்கள் எழுதியதை மொழிபெயர்த்துச் சொன்னேன். பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டு, மகனிடம் முதலில் கணினிப் பதிவை எடுக்கச் சொன்னார். கோளாறு விழுந்த நொடியில் இன்ஜின் சூடு 91 பாகை, சுழற்சி 2,300, பாரம் 84 விழுக்காடு, வேகம் மணிக்கு 31 கிலோமீட்டர். அந்த எண்களைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பலமாடிக் கட்டடத்தின் நான்காம் தள வளைவு அப்படியே கண் முன்னால் வந்தது. அங்கேதான் எப்போதும் குலுங்கும்.

காயில்களை எடுத்து ஒரு பழைய நாளிதழின் மேல் வரிசையாக வைத்தார்கள். ஒன்று, மூன்று, நான்கு மூன்றின் ரப்பரும் விறைப்பாக, தூசி படிந்து காய்ந்திருந்தன. இரண்டாவதை வைத்த இடத்தில் நாளிதழில் எண்ணெய் வட்டமாகப் பரவியது. போட்டு எண்ணூறு கிலோமீட்டர்தான் ஓடிய காயில் அது. விரலால் அழுத்தினேன், விரல் எடுத்த பிறகும் பள்ளம் மறையவில்லை. நுனியில் ரப்பர் உப்பி, பக்கத்துக் காயிலைவிடத் தடித்திருந்தது.

டார்ச் அடித்ததும் குழியின் அடியில் தேன் நிறத்தில் பளபளத்தது. மகன் ஒரு பெரிய ஊசிக்குழலில் சிறு குழாயைச் செருகி உறிஞ்சி எடுத்தார். பிளக்கின் அறுகோணம் முழுவதும் மூழ்கும் அளவுக்குத் தேங்கியிருந்தது. பிறகு பிளக்கை எடுத்துத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். நீங்கள் சொன்ன கோடு இருந்தது, ஐயா. பீங்கானின் மேல் விளிம்பிலிருந்து உலோகம் வரை, தலைமுடி அளவுக்குக் கறுப்பாக ஒரே கோடு. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. இவ்வளவு மெல்லிய ஒரு கோட்டுக்காகவா எட்டு மாதம் அலைந்தோம் என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கவரைத் திறந்ததும் மற்றதும் தெளிவாயிற்று. வெளிக் கேஸ்கெட் புதிதாகத்தான் இருந்தது. குழிச் சீல்கள் நான்கும் வண்டியோடு வந்தவை. பெரியவர் ஒன்றை வளைத்தார்; பப்படம் போல உடைந்தது. இரண்டாவது சீலில் ஓரிடத்தில் உதடு மடிந்து கிழிந்திருந்தது. நல்லவேளையாக என் இன்ஜினில் சீல்களைத் தனியாக மாற்றலாம். பிசிவி வால்வை ஆட்டிப் பார்த்தோம். எந்தச் சத்தமும் இல்லை, உள்ளே கறுப்புப் பசையாக அடைத்திருந்தது. புதியதை ஆட்டியபோது கிலுகிலுப்பை போல ஒலித்தது. அந்த வித்தியாசத்தைக் காதால் கேட்ட பிறகு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

நான்கு சீல், கேஸ்கெட், வால்வு, ஒரு காயில், ஒரு பிளக், கூலி எல்லாம் சேர்த்து 410 வெள்ளி. மூடும்போது பெரியவர் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகவே முறுக்கினார். அளவு காட்டும் முறுக்குக்கோல் டிக் என்று சத்தம் கொடுத்ததும் நிறுத்தினார். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. அப்பாவை ஏற்றிக்கொண்டு ஐந்தாம் தளம் வரை போனேன். நான்காம் தள வளைவில் வேண்டுமென்றே ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக அழுத்தினேன். வண்டி ஒரே மூச்சில் ஏறியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை; கைப்பிடியையும் பிடிக்கவில்லை.


பொங்கோல் ஓட்டுநர் எழுதியது:

மிகவும் மகிழ்ச்சி. கணினியை மாற்றாமல் நின்றீர்களே, அதுவே பெரிய காரியம்.

ஐயாவிடம் ஒரு கேள்வி: இன்னும் எதுவும் கோளாறு காட்டாத வண்டியில் இந்தச் சீலை எப்போது பார்க்க வேண்டும்?


பழைய பட்டறைக்காரர் எழுதியது:

பிளக் மாற்றும்போதெல்லாம் பாருங்கள், சகோதரி. இரிடியம் பிளக்குகளை ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை விட்டுவிடலாம் என்று சொல்வதால் அதுவரை யாரும் குழியைத் திறந்தே பார்ப்பதில்லை. நான் ஐம்பதாயிரத்துக்கு ஒருமுறை காயிலைத் தூக்கிப் பார்ப்பேன். நான்கு போல்ட், பதினைந்து நிமிட வேலை. இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். இணைப்பானின் பிளாஸ்டிக் கொக்கி சூட்டில் நொறுங்கியிருக்கும், கவனம்.

தம்பி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இரண்டாம் குழியை மறுபடி பாருங்கள். ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரில் வெள்ளை டிஷ்யூவைச் சுற்றி உள்ளே விட்டு எடுங்கள். பழைய காயிலை அவசரத்துக்கு உதவும் என்று வண்டியின் பின்பெட்டியில் வைத்திருந்தால் எறிந்துவிடுங்கள்.


ஈசூன் குறிப்பேடு எழுதியது:

168,450 கிலோமீட்டர். இன்று காலை நிறுத்துமிடத்தில் இரண்டாம் காயிலைத் தூக்கி டிஷ்யூவை விட்டு எடுத்தேன். வெள்ளையாகவே வந்தது. நான்காம் குழியிலும் விட்டுப் பார்த்தேன், அதுவும் அப்படியே. பின்பெட்டியில் இருந்த இரண்டு பழைய காயில்களையும் எறிந்துவிட்டேன். கோடு விழுந்த பிளக்கை மட்டும் மேசையில் வைத்திருக்கிறேன்.